உச்சி மாடி வீடு வாங்குமுன்



'வீட்டைக் கட்டிப் பார். கல்யாணம் பண்ணிப் பார்' என்பது பழமொழி. அது பிறந்த நாளில் வீடு என்றால் கட்டுவதுதான். மனை வாங்கி, கடைக்கால் தோண்டி, கொத்தனாரோடும் தச்சரோடும் ஓராண்டு மல்லாடினால் வீடு எழும். இந்நாளில் சென்னை போன்ற நகரங்களில் வீடு கட்டுவோர் சிலர். பிறர் கட்டிய அடுக்குமாடியில் ஒரு பகுதியை வாங்குவோர் பலர். ஆதலால் அப்பழமொழியோடு 'வீட்டை வாங்கிப் பார்' என்னும் மூன்றாவது சோதனையையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அடுக்குமாடிக் கட்டடத்தின் உச்சியில், மொட்டைமாடியை ஒட்டி அமைந்த வீட்டைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். விளம்பரங்களில் அதனைப் 'பெண்ட்ஹவுஸ்' என்கிறார்கள். 'படிக்கின்ற எங்களுக்கு இது எதற்கு?' என்று நீங்கள் எண்ணலாம். இன்னும் பத்து ஆண்டுகளில் உங்களுள் பலர் வேலையில் அமர்ந்து, வங்கிக் கடனுக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருப்பீர்கள். அதற்கு முன்னரே உங்கள் பெற்றோர் ஒரு பத்திரத்தை உங்கள் கையில் கொடுத்து, 'இதில் என்ன எழுதியிருக்கிறது, படித்துச் சொல்' என்று கேட்கலாம். மேலும், நான் சொல்லப்போவது நான் செய்த ஒரு தவற்றின் கதை. பிறர் தவற்றிலிருந்து கற்பது செலவில்லாத கல்வி அன்றோ?

முதலில் அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். 'ஹவுஸ்' என்று முடிவதால் அது ஏதோ ஒரு மாளிகையின் பெயர் என்று தோன்றும். ஆனால் அதன் மூலம் 'அபெண்டிஸ்' என்னும் பழைய பிரெஞ்சுச் சொல். ஒன்றைச் சார்ந்து நிற்கும் இணைப்பு என்பது அதன் பொருள். பெரிய கட்டடத்தின் சுவரை ஒட்டி இறக்கிய சாய்ப்புக்கே முதலில் அப்பெயர் வழங்கியது. பேச்சு வழக்கில் சொல் திரிந்து, 'ஹவுஸ்' பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. சார்ந்து நிற்பது என்னும் இப்பொருளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிற்பாடு பயன்படும்.

உச்சி மாடிக்குப் பெருமை வந்ததும் பழங்காலத்தில் அன்று. பண்டைய ரோமாபுரியில் பல அடுக்குக் குடியிருப்புகள் இருந்தன. அவற்றின் மேல் தளங்களில் ஏழைகளே வாழ்ந்தனர். தண்ணீரைச் சுமந்துகொண்டு படியேற வேண்டும்; தீப்பற்றினால் எல்லாருக்கும் கடைசியில் இறங்க வேண்டும். 1857ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்துக் கடை ஒன்றில், எலிஷா ஓட்டிஸ் என்பவரின் நிறுவனம் மக்கள் ஏறிச் செல்லும் லிப்டை அமைத்தது. அன்று அது நீராவியால் இயங்கியது. லிப்ட் பரவிய பிறகே ஏழையின் உச்சி மாடி செல்வரின் உச்சி மாடியாயிற்று. 1920ஆம் ஆண்டுகளில் அந்நகரத்துச் செல்வர்கள் அதனைப் போட்டியிட்டு நாடினர். ஆகவே உச்சி மாடியின் பெருமையில் ஒரு பாதி இயந்திரத்தின் பெருமை. இயந்திரம் நின்றால் நாம் மீண்டும் ரோமாபுரிக்குப் போய்விடுவோம்.

இனி என் கதை. நான் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றபோது கிடைத்த தொகையில் ஒரு பகுதியை, என் மகள் வீடு வாங்குவதற்கு அளிக்க விரும்பினேன். சென்னையில் ஒரு கட்டடத்தைப் பார்க்கச் சென்றோம். கீழே வண்டி நிறுத்தும் தளம். அதன்மேல் நான்கு மாடிகள், மாடிக்கு மூன்றாகப் பன்னிரண்டு வீடுகள். ஐந்தாம் மாடியில் ஒரே ஒரு வீடு. அதைச் சூழ்ந்து விரிந்த மொட்டைமாடி. நாங்கள் சென்றது மாலை நேரம். கடற்காற்று வீசியது. தென்னை மரங்களின் தலைகள் நமக்குக் கீழே அசைந்தன. விற்பவர் ஒரு சாவியை என் உள்ளங்கையில் வைத்தார்.

"ஐயா, மொட்டைமாடிக் கதவுக்குச் சாவி இது. இனி இந்த இடம் முழுவதும் உங்களுக்கு மட்டும்தான்" என்றார்.

அந்தச் சாவியைக் கையில் பிடித்தபோது எனக்குண்டான பெருமிதத்தை மறைக்க விரும்பவில்லை. "அப்பா, பத்திரத்தைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கலாமே" என்றாள் என் மகள். நான் கேட்கவில்லை. அன்றிரவே 2 லட்சம் ரூபாய் முன்பணம் கொடுத்து, ஒரு சிறு ரசீதை வாங்கிக்கொண்டேன். அந்த ரசீதில் மொட்டைமாடியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

மறு வாரம் என் பழைய மாணவர் ஒருவரைத் தற்செயலாகச் சந்தித்தேன். கட்டடப் பொறியாளராக நீண்ட நாள் பணிபுரிந்தவர். செய்தியைச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "ஐயா, எந்த நேரத்தில் வீட்டைப் பார்த்தீர்கள்?" என்று கேட்டார். மாலையில் என்றேன். "மாலையில் எந்த உச்சி மாடியும் அழகாகத்தான் இருக்கும். சித்திரை மாதத்து நண்பகலில் ஒரு முறை பாருங்கள், அடைமழையில் ஒரு முறை பாருங்கள்" என்றார். பின்னர் என்னோடு வந்து அந்தக் கட்டடத்தைச் சுற்றிப் பார்த்தார். அன்று அவர் ஆசிரியர், நான் மாணவன்.

அவர் முதலில் நோக்கியது கூரையை. பழைய சென்னை வீடுகளில் 'கட்டைகுத்து ஒட்டு' என்றொரு முறை உண்டு. தேக்குக் கட்டைகளை வரிசையாகப் பரப்பி, அவற்றின் மேல் செங்கற்களைக் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்திட்டு, அதற்கும் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, தட்டோடு பதிப்பார்கள். அந்தப் பருத்த கூரையைக் கடந்து வெப்பம் உள்ளே வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். இன்றைய கான்கிரீட் தளமோ மெல்லியது. பகலெல்லாம் வெயிலைக் குடித்து, இரவில் அதனை அறைக்குள் உமிழும். நடு மாடி வீட்டுக்கு மேல் வீட்டார் குடையாக இருக்கிறார்கள். உச்சி வீட்டுக்கு அத்தகைய குடை இல்லை. ஆதலால் கான்கிரீட்டின் மேல் என்ன பதித்திருக்கிறார்கள், வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளை ஓடு உண்டா, மழைநீர் தேங்காமல் வடிய வாட்டம் சரியாக விட்டிருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். கூரை ஒழுகினால் பழுது பார்க்கும் செலவு யாருடையது என்பதையும் எழுத்தில் பெற வேண்டும்.

இரண்டாவது, தண்ணீர். "ஐயா, நீர்மத்தின் அழுத்தம் உயரத்தைப் பொறுத்தது என்று ஒன்பதாம் வகுப்பில் நீங்கள்தாமே நடத்தினீர்கள்?" என்று சிரித்தார் அவர். நான் தலை குனிந்தேன். பத்து மீட்டர் உயர நீர்த்தம்பம் ஒரு சதுர சென்டிமீட்டரில் ஏறத்தாழ ஒரு கிலோ எடைக்கு ஈடான அழுத்தம் தரும். தொட்டி கட்டடத்தின் தலையில் இருக்கிறது. முதல் மாடிக் குழாய்க்கு மேல் 12 மீட்டருக்குக் குறையாத நீர் நிற்கிறது. உச்சி வீட்டுக் குழாய்க்கு மேலோ இரண்டு மீட்டர்கூட இல்லை. தண்ணீருக்கு மிக அருகில் இருக்கும் வீட்டில்தான் குழாய் மெலிந்து ஒழுகும்! தனியாக ஒரு பம்ப் வேண்டும். அது இயங்க மின்சாரம் வேண்டும்.

மூன்றாவது, எடை. மொட்டைமாடியில் பூந்தோட்டமும், குழந்தைகள் விளையாட ஒரு சிறு நீச்சல் தொட்டியும் அமைக்கலாம் என்று விற்பவர் சொல்லியிருந்தார். நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு கன மீட்டர் நீரின் எடை 1,000 கிலோ. 1.2 மீட்டர் ஆழமுள்ள தொட்டியில் ஒவ்வொரு சதுர மீட்டர் தரையும் 1,200 கிலோவைத் தாங்க வேண்டும். ஈர மண்ணின் எடை கன மீட்டருக்கு ஏறக்குறைய 1,800 கிலோ. 30 சென்டிமீட்டர் மண் பரப்பினால் சதுர மீட்டருக்கு 540 கிலோ ஆகிறது. மக்கள் நடமாடும் மொட்டைமாடிக்கு இந்தியத் தர விதிகள் கொள்ளும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோதான். தொடக்கத்திலேயே கூடுதல் எடைக்கென வரைந்து கட்டியிருந்தாலன்றி, தோட்டம் என்பது கீழே உறங்குவோரின் தலைக்கு மேல் ஏற்றிய பாரம்.

உயரத்தில் வாழ விரும்புகிறவன் முதலில் அடியைப் பார்க்க வேண்டும். 2014ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள், சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டு வந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் அங்கே வேலை செய்த தொழிலாளர்கள். மண் பரிசோதனை அறிக்கை உண்டா, கட்டட அமைப்பை வரைந்து கையெழுத்திட்ட பொறியாளர் யார் என்று கேட்பது விற்பவரை ஐயுறுவது ஆகாது. அது குடியிருக்கப் போகிறவரின் கடமை.

நான்காவது, லிப்ட். அதன் இயந்திர அறை படுக்கையறைக்கு மேலோ பக்கத்திலோ இருந்தால் இரவெல்லாம் ஓசை கேட்கும். மின்சாரம் நின்றால் அதனை இயக்க ஜெனரேட்டர் உண்டா என்று பார்க்க வேண்டும். ஐந்து மாடிகளை நடந்தே ஒரு முறை ஏறிப் பார்ப்பது நலம். நான் ஏறிப் பார்த்தேன். மூன்றாம் மாடியில் உட்கார்ந்துவிட்டேன்.

இவையெல்லாம் கண்ணால் காணக்கூடியவை. இனி, தாளில் மட்டுமே காணக்கூடியவற்றுக்கு வருவோம். ஆபத்து பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

அடுக்குமாடியில் வீடு வாங்குகிறவன் நான்கு சுவர்களை மட்டும் வாங்குவதில்லை. கட்டடம் நிற்கும் மண்ணிலும் ஒரு பங்கு வாங்குகிறான். அதற்குப் 'பிரிபடாத பாகம்' என்று பெயர். கட்டடம் நாளடைவில் பழுதுபடும். இடித்துக் கட்ட நேரும். மண்தான் நிலைத்திருக்கும். எனக்குக் காட்டிய கட்டடத்தின் மனை மூன்று கிரவுண்டு, அதாவது 7,200 சதுர அடி. வீடுகளின் மொத்தப் பரப்பு 14,400 சதுர அடி. ஆகவே ஒவ்வொரு வீட்டுக்கும் அதன் பரப்பில் பாதி அளவு மண் சேர வேண்டும். உச்சி வீடு 1,600 சதுர அடி. அதற்குரிய பங்கு 800. பத்திர நகலில் எழுதியிருந்ததோ 500. மீதி 300 எங்கே போயிற்று?

விடை அடுத்த பக்கத்தில் இருந்தது. 'எதிர்காலத்தில் விதிகள் இடம் கொடுத்தால் மேல் தளம் எழுப்பும் உரிமை விற்பவருக்கே உண்டு' என்று ஒரு வரி. அதற்காகவே 300 சதுர அடி மண்ணை அவர் தம்மிடம் வைத்துக்கொண்டிருந்தார். என்றேனும் ஒரு நாள் என் தலைக்கு மேல் இன்னொரு மாடி எழும்; நான் உச்சிக்குரிய விலை கொடுத்து வாங்கிய வீடு நடு மாடி வீடாகிவிடும். விலைக் கணக்கிலும் ஒரு நுட்பம் இருந்தது. மொட்டைமாடியின் பரப்பில் பாதியை வீட்டின் பரப்போடு சேர்த்து, அதற்கும் சதுர அடிக் கணக்கில் பணம் கேட்டிருந்தார்கள்.

எனினும், இவற்றைவிட என்னை வருத்திய செய்தி ஒன்று உண்டு. நாங்கள் படியிறங்கி வரும்போது, மொட்டைமாடிக் கதவருகே ஒரு மூதாட்டி நின்றுகொண்டிருந்தார். இரண்டாம் மாடியில் ஏற்கெனவே குடிவந்தவர். ஒரு கையில் வடக மாவுப் பாத்திரம். மறு கையில் பழைய வேட்டி. கதவு பூட்டியிருந்தது.

"நீங்கள்தாமே மேல் வீட்டுக்காரர்? இந்தக் கதவைக் கொஞ்சம் திறந்துவைக்கச் சொல்லுங்கள், ஐயா. போன வாரம் வரையில் திறந்துதான் இருந்தது" என்றார்.

என் சட்டைப் பையில் அந்தச் சாவி இருந்தது.

என் மாணவர் அவரிடம் பணிவாகக் கேட்டு, அவருடைய கிரயப் பத்திரத்தை வாங்கிப் படித்தார். மொட்டைமாடி எல்லா வீட்டாருக்கும் பொது என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்திலும் அது பொது இடமே. ஆக, ஒரே மொட்டைமாடி இரண்டு முறை விலை பேசப்பட்டிருந்தது: பன்னிரண்டு வீட்டாருக்குப் பொதுவாக ஒரு முறை, எனக்குத் தனியாக ஒரு முறை. "தொட்டியைக் கழுவ வருகிறவர் எந்த வழியாக வருவார், ஐயா? லிப்டைப் பழுது பார்க்க வருகிறவர் யாரிடம் சாவி கேட்பார்?" என்றார் மாணவர்.

நான் விடை சொல்லவில்லை. பள்ளியில் எத்தனையோ ஆண்டுகள், விளையாட்டுத் திடலில் மூத்த மாணவர்கள் இளையவர்களை விரட்டினால் அழைத்துக் கண்டித்தவன் நான். அந்த நானே, பன்னிரண்டு குடும்பங்களின் வானத்தைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு பெருமைப்பட்டிருக்கிறேன். ஏமாற்றப்பட்டவன் நான் மட்டும் அல்லன். அறியாமலேனும், ஏமாற்றுக்கு உடன்பட்டவனும் நானே.

சட்டம் இதில் என்ன சொல்கிறது? 2016ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் ஒன்றை இயற்றியது. மக்கள் அதனை 'ரெரா' என்று வழங்குகிறார்கள். அச்சட்டம் பொது இடங்களின் பட்டியலில் மொட்டைமாடியையும் திறந்தவெளி வண்டி நிறுத்துமிடத்தையும் சேர்த்திருக்கிறது. ஒரு வீட்டோடு இணைந்து, அதன் உரிமையாளர் மட்டும் பயன்படுத்துவதற்கென அமைந்த திறந்த மாடியும் உண்டு என்பதை அச்சட்டம் ஏற்கிறது. ஆனால் அத்தனியுரிமை வாய்ச்சொல்லால் வாராது. அங்கீகரித்த வரைபடத்திலும், நம் பத்திரத்திலும், அயலார் பத்திரங்களிலும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். வீட்டின் உட்பரப்பைக் கணக்கிடும்போது திறந்த மாடியைச் சேர்க்கக் கூடாது என்பதும் அச்சட்டத்தில் உள்ளது.

வேறு சில பாதுகாப்புகளும் உண்டு. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் எட்டுக்கு மேற்பட்ட வீடுகள் கட்டி விற்பவர் அதனை ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவு விவரங்களை ஆணையத்தின் இணையத்தளத்தில் எவரும் காணலாம். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வாங்கக் கூடாது. வாங்குவோர் தரும் பணத்தில் 70 விழுக்காட்டைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து, அந்த மனைக்கும் அந்தக் கட்டடத்துக்குமே செலவிட வேண்டும். கட்டட அமைப்பில் ஐந்தாண்டுக்குள் குறை தெரிந்தால் விற்றவர் தம் செலவில் சீர் செய்து தர வேண்டும். அங்கீகரித்த திட்டத்தை மாற்றி மேலே கட்டுவதற்கு, வீடு வாங்கியோருள் மூன்றில் இரு பங்கினரின் எழுத்து மூலமான இசைவு வேண்டும்.

சட்டம் விளக்கைப் போன்றது. ஏற்றிப் பார்ப்பவனுக்கே அது வழி காட்டும். நான் ஏற்றிப் பார்க்காமல் பணம் கொடுத்தேன்.

மறு நாளே சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். முன்பணம் அவ்வளவு விரைவில் திரும்பவில்லை. பல கடிதங்கள் எழுதி, பலமுறை நடந்து, ஐந்து மாதம் கழித்தே கைக்கு வந்தது. கொடுக்கும் முன் ஒரு மணி நேரம் படித்திருந்தால் அந்த ஐந்து மாதமும் மிச்சமாகியிருக்கும்.

உச்சி மாடி வீடே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. காற்றும் வெளிச்சமும் வானமும் யாருக்குத்தான் கசக்கும்? வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியவற்றை மட்டும் சுருக்கிச் சொல்கிறேன். நண்பகலில் ஒரு முறையும் மழையில் ஒரு முறையும் வீட்டைப் பாருங்கள். குழாயைத் திறந்து பாருங்கள், படியேறிப் பாருங்கள். தாய்ப்பத்திரத்தையும், முப்பது ஆண்டுக்கான வில்லங்கச் சான்றிதழையும், அங்கீகரித்த வரைபடத்தையும், பணி நிறைவுச் சான்றிதழையும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். பிரிபடாத பாகத்தை நீங்களே வகுத்துப் பாருங்கள். அதற்கு எட்டாம் வகுப்புக் கணக்குப் போதும். இறுதியாக, அதே கட்டடத்தில் ஏற்கெனவே வாங்கிய ஒருவரின் பத்திரத்தைக் கேட்டுப் படியுங்கள். உங்களுக்கு விற்கப்படுவது அவருக்குரியதாக இருத்தல் ஆகாது.

என் மகள் இப்போது வேறொரு கட்டடத்தில் உச்சி மாடியிலேதான் குடியிருக்கிறாள். அங்கே மொட்டைமாடிக் கதவு பகலெல்லாம் திறந்தே இருக்கும். கோடையில் கீழ் வீட்டார் வந்து வடகம் இடுகிறார்கள். காக்கை வராமல் பார்த்துக்கொள்ளும் வேலை என் பேரனுடையது. தொடக்கத்தில் ஒரு சொல்லை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? சார்ந்து நிற்பது என்பது அதன் பொருள். கீழேயுள்ள தூண்களையும், மண்ணையும், மனிதர்களையும் சார்ந்தே உச்சி வீடு நிற்கிறது. அதை அறிந்து வாங்குங்கள், அறிந்து வாழுங்கள்.